மொறிஸ் மைனரின் எஸ்.யூ. காபரேற்றர்: நல்லூர்ப் பக்கத்துக் கராஜ் ஒன்றின் வேலை பற்றி

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரோ பழைய ஓஸ்ரின் காரோ வைத்திருப்பவர்களிடம் காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) வேலைக்கு எங்கே போவது என்று கேட்டால், பெரும்பாலானோர் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கிற் (மாற்றுப் பாகங்களின் தொகுப்பு) எடுப்பித்துப் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வார்கள். சிலர் மட்டும் நல்லூருக்கும் கல்வியங்காட்டுக்கும் இடையில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கராஜுக்கு வழி காட்டுவார்கள். அந்தக் கராஜ் என்னுடைய 1965ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000க்குச் செய்த காபரேற்றர் வேலையைப் பற்றியதே இந்த மதிப்புரை. தன்னுடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். கையில் உள்ள வேலையே முடிந்தபாடில்லை என்பது அவர் சொன்ன காரணம். அதனால் அவர் எதை, எந்த ஒழுங்கில், ஏன் செய்தார் என்பதையே விரிவாக எழுதுகிறேன். வேறு ஊரில் வேறு மெக்கானிக்கிடம் போகிறவர்களும் தங்கள் காருக்கு நடக்கும் வேலையை எடைபோட அது உதவும்.

வேலைக்குள் போவதற்கு முன் இந்தக் காபரேற்றரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1962ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து வந்த 1098 சி.சி. மைனரில் இருப்பது எஸ்.யூ. நிறுவனத்தின் எச்.எஸ்.2 என்ற ஒன்றேகால் அங்குலக் காபரேற்றர். எஸ்.யூ. என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம்; சப்பாத்து வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் தொடங்கிய தொழில் அது. அவர்களுடைய முதற் காபரேற்றர்களில் பிஸ்ரனுக்குப் பதிலாகத் தோலால் செய்த துருத்தி இருந்தது என்பதை அறிந்தபோது, சப்பாத்துக்காரர்களுக்குக் கைக்கு எட்டிய பொருள் அதுதானே என்று தோன்றியது. 1926இல் மொறிஸ் கார் நிறுவனத்தின் நிறுவனர் வில்லியம் மொறிஸ் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டார். பிரித்தானியக் கார்களில் பாதிக்கு மேல் இந்தக் காபரேற்றர்தானோ என்று எண்ணும்படி அது பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸொலெக்ஸ், வெபர் போன்ற காபரேற்றர்களில் ஐட்லிங்குக்கு (கார் நிற்கும்போது எஞ்சின் ஓடுவதற்கு) ஒரு ஜெற் (பெற்றோல் வெளிவரும் நுண்துளை), ஓட்டத்துக்கு ஒரு ஜெற், திடீரென்று அக்சிலேற்றரை மிதித்தால் பெற்றோலைப் பீச்சுவதற்கு ஒரு பம்ப் என்று பல வழிகள் இருக்கும். எஸ்.யூ.வில் ஒரே ஒரு ஜெற்தான். அதற்குள் மேலிருந்து ஓர் ஊசி இறங்கி நிற்கிறது; ஊசி ஒரு பிஸ்ரனின் அடியில் பொருத்தப்பட்டிருக்கிறது; எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதற்கேற்பப் பிஸ்ரன் மேலே எழுகிறது. ஊசி கீழ்நோக்கி மெலிந்து செல்வதால், பிஸ்ரன் எழ எழ ஜெற்றில் பெற்றோல் வருவதற்கான இடைவெளி கூடுகிறது. அக்சிலேற்றரைத் திடீரென்று மிதிக்கும்போது பிஸ்ரன் துள்ளி எழாமல் பிடித்துவைப்பது, மேலே உள்ள டாம்பரும் அதன் எண்ணெயும். அந்தக் கணநேரத் தாமதத்தில் காற்று வேகமாக ஓடி, கூடுதலான பெற்றோலை இழுத்துக்கொள்கிறது. பாகங்கள் குறைவு என்பதால் இது இலகுவான காபரேற்றர் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா வேலையையும் ஒரே ஊசியும் ஒரே ஜெற்றும் செய்வதால், அவற்றில் ஒரு மயிரிழை தேய்ந்தாலும் எல்லா வேகத்திலும் அது தெரியும் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

என் காரில் இருந்த கோளாறு இதுதான். காலையில் சோக்கை இழுத்தால் உடனே ஸ்ரார்ட் ஆகும். சூடேறிய பின் ஐட்லிங்கில் ஏறியும் இறங்கியும் ஓடும். சில வேளை நின்றுவிடும். ஆனையிறவுப் பக்கம் நேர்வீதியில் ஒரு லொறியை முந்தலாம் என்று மிதித்தால் கார் கனத்து, சைலன்சரால் கறுப்புப் புகை விடும். நிறுத்தி வைத்த இடத்தில் பெற்றோல் மணக்கும். 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்து, கியூ.ஆர். அட்டைக்கு வாராந்தம் அளந்து பெற்றோல் கொடுத்த காலத்தில் காரை நீண்ட நாள் ஓடாமல் விட்டிருந்தேன். காபரேற்றருக்குப் பெற்றோல் சேர்ந்து நிற்கும் மிதவைக் கிண்ணத்தில் பெற்றோல் வற்றிப் பிசினாகப் படிந்ததிலிருந்துதான் தொல்லை தொடங்கியது. அதற்குப் பிறகு வேறொரு கராஜில் கிற் போட்டார்கள். ஐட்லிங் சில வாரம் ஒழுங்காக இருந்தது. கறுப்புப் புகையோ அதன் பின்புதான் கூடியது. இந்த முரண்பாட்டுக்கு நல்லூர்ப் பக்கத்துக் கராஜில்தான் விளக்கம் கிடைத்தது.

உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். கராஜில் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பொனற்றைத் திறந்ததும் நான் காபரேற்றரைக் காட்டி ஏதோ சொல்லத் தொடங்க, "தம்பி, அதுக்குப் பிறகு வருவம். முதல்ல சாவியை ஒருக்காப் போடுங்கோ, எஞ்சினை எழுப்ப வேண்டாம்" என்றார். மைனரில் பெற்றோல் பம்பும் எஸ்.யூ.தான், மின்சாரத்தில் இயங்குவது, எஞ்சின் அறையின் பின்சுவரில் இருப்பது. சாவியைப் போட்டதும் அது டிக் டிக் என்று அடித்து, கிண்ணம் நிரம்பியதும் அடங்க வேண்டும். எனது பம்ப் அடங்குவது போல் போக்குக் காட்டிவிட்டு, சில விநாடிக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டே இருந்தது. எஞ்சின் ஓடாதபோது பெற்றோல் எங்கோ போகிறது என்பதுதான் அதன் பொருள்: ஒன்று குழாயில் கசிவு, அல்லது கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை நிறுத்தும் மிதவை ஊசி வால்வு மூடவில்லை. குழாய்கள் உலர்ந்திருந்தன, கிண்ண மூடியின் வழிவுக் குழாயில் விரலை வைத்து எடுத்துக் காட்டினார், ஈரம். ஒரு சாவியையும் ஒரு விரலையும் கொண்டு முதற் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். கிற் போட்ட கராஜில் இதை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

அதன் பிறகும் அவர் காபரேற்றரைக் கழற்றவில்லை. நான்கு பிளக்கையும் எடுத்து வரிசையாக ஒரு பலகையில் வைத்தார். நான்கும் ஒரே மாதிரிக் கறுத்து, கரி தூளாகப் படிந்திருந்தன. ஒரு பிளக் மட்டும் கறுத்திருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில். நான்கும் கறுத்தால்தான் காபரேற்றரைச் சந்தேகிக்கலாம் என்றார். தீப்பொறி எழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பொயின்றின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து 15 தௌவில் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்கு) வைத்தார். பிளக் இடைவெளி 25 தௌ. வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 12 தௌ. டிஸ்ரிபியூற்றரின் வெற்றிடக் குழாயை வாயால் உறிஞ்சி, உள்ளே தட்டு அசைகிறதா என்று பார்த்தார். இவை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய அரைநாள் போயிற்று. அவசரக்காரர்களுக்கு இந்த இடத்தில் பொறுமை போய்விடும். ஆனால் தீப்பொறியும் வால்வும் ஒழுங்காக இல்லாத எஞ்சினில் கலவையைச் சரிசெய்வது, சரியாக இல்லாத ஒன்றுக்குப் பொருத்தமாக இன்னொன்றைப் பிழையாக வைப்பதே தவிர வேறில்லை. பழைய கார்களில் கலவை ஆணி காலப்போக்கில் எங்கெங்கோ திரும்பியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

பிறகு எஞ்சினைச் சூடேற்றி, சைலன்சர் வாயில் நின்று காது கொடுத்துக் கேட்டார். எஸ்.யூ.வில் கலவை பிழைத்தால் சத்தத்திலேயே வேறுபாடு உண்டு: பெற்றோல் கூடினால் தாளம் தவறாமல் இடைவிட்டு இடைவிட்டுத் தட்டும், புகை கறுப்பாக வரும், பெற்றோல் குறைந்தால் தாளமே இல்லாமல் சிதறித் தட்டும், புகைக்கு நிறம் இராது. என் காரில் இரண்டும் கலந்து வந்தன. காபரேற்றரின் உடம்பில், பிஸ்ரனுக்குக் கீழே ஒரு சிறிய தூக்கு ஊசி இருக்கிறது; அதை விரலால் மேலே தள்ளி, பிஸ்ரனை ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவாகத் தூக்கினார். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூடிய கலவை. உடனே விழுந்தால் குறைந்த கலவை. ஒரு கணம் இலேசாகக் கூடி மீண்டும் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஐட்லிங்கில் சரிக்கு அருகில் இருந்தது. சற்று அக்சிலேற்றர் கொடுத்துப் பார்த்தால் பெற்றோல் நன்றாகவே கூடியிருந்தது.

இந்த இடத்தில்தான் அவர் த்ரொட்டில் ஸ்பின்டிலின் (அக்சிலேற்றரோடு திறந்து மூடும் த்ரொட்டில் தட்டைத் தாங்கும் தண்டின்) இரு முனையிலும் ஒரு தூரிகையால் சிறிது எண்ணெயைத் தடவினார். எஞ்சினின் ஓட்டம் உடனே மாறியது. எண்ணெய் உள்ளே இழுபட்டு மறைவதைக் கண்ணால் காணலாம். ஸ்பின்டில் அறுபது ஆண்டு காலமாக அலுமினிய உடம்பில் ஆடி ஆடித் துளையை நீள்வட்டமாக்கிவிட்டிருந்தது. அந்த இடைவெளியால் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே சிறிதளவு. அதில் இந்தக் கள்ளக் காற்று பெரும் பங்கு. முன்னைய கராஜ் அதைக் கண்டுபிடிக்காமல், ஐட்லிங் நிற்கட்டும் என்று ஜெற்றை நன்றாகக் கீழே இறக்கிப் பெற்றோலைக் கூட்டிவிட்டது. வேகமாக ஓடும்போது த்ரொட்டில் திறந்து காற்று பெருவாரியாக வருகிறது. அப்போது ஸ்பின்டில் வழியாக வரும் காற்று ஒரு பொருட்டே அல்ல. ஆனால் இறக்கிவைத்த ஜெற் இறங்கியபடியே இருக்கிறது. ஐட்லிங் திருந்தியதும் புகை கூடியதும் ஒரே செயலின் இரண்டு விளைவுகள் என்பது அப்போதுதான் விளங்கியது. எத்தனை கிற் போட்டாலும் இது தீராது, ஏனென்றால் எந்தக் கிற்றுக்குள்ளும் உடம்பின் துளை வருவதில்லை.

கழற்றும் வேலையில் அவருடைய ஒழுங்கு பார்க்கத் தகுந்தது. மணிவடிவ மேல்மூடிக்கும் உடம்புக்கும் குறுக்காக ஒரு கோடு கீறிக்கொண்டார், திரும்பப் பூட்டும்போது அதே நிலையில் உட்கார வேண்டும் என்பதற்காக. பிஸ்ரனும் மேல்மூடியும் தொழிற்சாலையிலேயே சோடி சேர்த்து அனுப்பப்பட்டவை. ஒன்றின் பிஸ்ரனை இன்னொன்றின் மூடிக்குப் போடக்கூடாது. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல், ஆனால் காற்றும் எளிதில் புகாத அளவு நெருங்கி ஓட வேண்டும். அதனால் அவற்றில் எமரித்தாள் படவே கூடாது என்பது அவருடைய சட்டம். பெற்றோலில் நனைத்த பஞ்சுத் துணி மட்டும்தான். துடைத்த பிறகு பிஸ்ரனின் துளைகளை அடைத்து, தலைகீழாகப் பிடித்து, மூடி தானாக நழுவி இறங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தார். இந்த அளவுக் காபரேற்றரில் மூன்று முதல் ஐந்து விநாடி வரை இருக்கலாம். அதற்கு முன் இறங்கினால் தேய்ந்துவிட்டது, பிந்தினால் அழுக்கு. எனது சோடி நல்ல நிலையில் இருந்தது. காபரேற்றரின் விலைமதிப்பான பாகம் தப்பியது என்று அவரும் சந்தோசப்பட்டார்.

ஊசி அப்படி அல்ல. 1098 சி.சி. மைனருக்கு உரியது ஏ.என். என்ற எழுத்துப் பொறித்த ஊசி. பெற்றோல் கூட்ட வேண்டுமானால் எச்.6, குறைக்க வேண்டுமானால் ஈ.பி. என்று இரண்டு மாற்றுகள் உண்டு. என் காரின் ஊசியில் ஏ.என். என்ற எழுத்து தெளிவாகவே இருந்தது. ஆனால் அண்ணை அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிக் காட்டியபோது இரண்டு வெவ்வேறு காயங்கள் தெரிந்தன. ஒரு பக்கத்தில் நீளவாக்கில் மினுங்கும் தேய்வு: ஜெற் நடுவில் அமையாமல் உராய்ந்த அடையாளம். இன்னொன்று, ஊசியின் நடுப்பகுதியைச் சுற்றிவர, மெல்லிய வளையக் கீறல்கள். அதை யாரோ சுழற்றிக்கொண்டு எமரித்தாளால் வேண்டுமென்றே மெலிய வைத்திருக்கிறார்கள். "மண்ணெண்ணெய்க் காலத்து வேலை போல கிடக்கு" என்றார் அவர்.

மண்ணெண்ணெய்க் காலம் என்று யாழ்ப்பாணத்தில் சொன்னால் விளக்கம் தேவையில்லை. வேறிடத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் மருந்துக்கும் கிடைப்பது அரிதாயிற்று. எஞ்சினை எழுப்புவதற்கு மட்டும் ஒரு சிறிய போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் விட்டு, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். ஓஸ்ரின் ஏ40களும் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான் ஓடின. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அப்படித்தான். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே நின்று சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவி, அடியில் உள்ள எஞ்சின் எண்ணெயோடு போய்க் கலக்கும். அதனோடு மல்லுக்கட்டிய ஒவ்வொரு மெக்கானிக்கும் தனக்குத் தெரிந்த வழியில் ஜெற்றையும் ஊசியையும் மாற்றினார். அன்றைக்கு அது தேவையான கெட்டித்தனம். பிரச்சினை என்னவென்றால், மாற்றிய பாகங்களை அதன் பிறகு யாரும் பழைய நிலைக்குக் கொண்டுவரவில்லை. குடாநாட்டில் ஓடிய பழைய கார் ஒன்றை வாங்குபவர்கள், ஊசியில் எழுத்து சரியாக இருக்கிறதே என்று நம்பி விட்டுவிடாமல், மைக்ரோமீற்றரில் அளந்தோ புதிய ஊசியோடு பக்கத்தில் வைத்தோ பார்ப்பது நல்லது.

வேலையின் உயிரான பகுதி ஸ்பின்டில். த்ரொட்டில் தட்டை ஸ்பின்டிலோடு பிடித்திருக்கும் இரண்டு சிறிய திருகாணிகளின் முனைகள் பிளந்து விரிக்கப்பட்டிருக்கும். கழன்று எஞ்சினுக்குள் விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அந்த விரிப்பை முதலில் நெருக்கி மூடாமல் திருப்பினால் ஸ்பின்டிலின் மரை பிய்ந்துவிடும். அவர் ஒரு சிறிய குறடால் இரண்டையும் நெருக்கி, தட்டு எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று குறித்துக்கொண்டு எடுத்தார். தட்டின் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருப்பதால் மாற்றிப் போட்டால் முழுமையாக மூடாது. புதிய ஸ்பின்டிலை முதலில் பழைய துளையிலேயே போட்டு ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. அதன் பின்தான் புஷ் (துளைக்குள் அழுத்தும் உலோக வளையம்) போடுவது என்று முடிவெடுத்தார். இரண்டு துளையையும் தனித்தனியாகப் பெருப்பிக்காமல், நீண்ட வழிகாட்டித் தண்டு உள்ள கைரீமரை (துளையை அளவாகச் சீவிப் பெருப்பிக்கும் கருவியை) ஒரு பக்கத்தால் விட்டு மறுபக்கம் வரை ஒரே கோட்டில் ஓட்டினார்; பிறகு வெண்கலப் புஷ்களை அழுத்தி, மீண்டும் ஒரே கோட்டில் ஸ்பின்டில் அளவுக்கு ரீமர் விட்டார். கோடு ஒரு சிறிது கோணினாலும் ஸ்பின்டில் இறுகும், அக்சிலேற்றர் திரும்பி வராது. பூட்டிய பின் தட்டை மூடி, பின்னால் மின்சூளைப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். சுற்றிவர ஒரே மெல்லிய ஒளிவட்டம், எந்தப் பக்கமும் தடிப்பு இல்லை. புதிய திருகாணிகளின் முனையை விரித்த பின்தான் கையை எடுத்தார். இந்த ஒரு வேலைக்காகவே அந்தக் கராஜுக்குப் போகலாம் என்பது என் கருத்து.

பாகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னைய கராஜில் போட்டது பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் எடுத்த, எங்கே செய்தது என்ற விபரம் இல்லாத கிற். அதன் மிதவை ஊசி வால்வின் முனையில் இதற்குள்ளேயே ஒரு வளையம் பள்ளமாக விழுந்திருந்தது. பம்ப் அடங்காமல் அடித்ததற்குக் காரணம் அதுவே. இம்முறை இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் உள்ள பேர்லன் நிறுவனத்தின் பாகங்களை வருவித்தேன், எஸ்.யூ. பெயரில் இன்றும் பாகங்களைச் செய்பவர்கள் அவர்கள்தான். விலை, தபாற்செலவு, சுங்கத் தீர்வை மூன்றும் சேரும்போது வயிற்றைக் கலக்கும். ஆனால் ஜெற்றோடு ஒட்டிவரும் நைலோன் குழாயின் நீளம் சரியாக இருந்தது, ஊசி ஏ.என். அளவிலேயே இருந்தது, பக்கிங்குகள் வெட்டித் திருத்தாமல் உட்கார்ந்தன. மேல்மூடிக்குள் இருக்கும் சுருள்வில் சிவப்பு நிறம் பூசியது, அதாவது நாலரை அவுன்ஸ். பழையதே நன்றாக இருந்ததால் அவர் புதியதைத் திருப்பித் தந்துவிட்டார். தேவையில்லாததை மாற்றாமல் விட்டதை நான் இந்தக் கராஜின் சிறப்புகளில் ஒன்றாகவே எழுதுகிறேன்.

பூட்டும்போது அதிக நேரம் எடுத்தது ஜெற்றை நடுப்படுத்துவதற்கு. ஜெற்றின் பூட்டு நட்டைத் தளர்த்தி, ஜெற்றை முழுமையாக மேலே ஏற்றி, டாம்பர் துளையால் ஒரு பென்சிலை விட்டுப் பிஸ்ரனை மெதுவாகக் கீழே அமர்த்தியபடி நட்டை இறுக்க வேண்டும். பின்பு பிஸ்ரனைத் தூக்கி விட்டால், அது காபரேற்றரின் பாலத்தில் (ஜெற்றின் வாய் அமைந்திருக்கும் மேட்டில்) விழும்போது 'டக்' என்ற தெளிவான உலோகச் சத்தம் வர வேண்டும். அதே சத்தம் ஜெற்றை முழுதாக இறக்கிவிட்டும் வர வேண்டும். இறக்கிய நிலையில் சத்தம் கூர்மையாகவும் ஏற்றிய நிலையில் மந்தமாகவும் இருந்தால் ஊசி எங்கோ உரசுகிறது. இரண்டு சத்தமும் ஒன்றாகும் வரை நட்டைத் தளர்த்தித் தளர்த்தி இறுக்கினார். எனக்கு எப்போதோ ஒன்றாகிவிட்டது போல் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. மிதவையின் மட்டத்தை அளக்க அவர் பயன்படுத்தியது ஒரு எட்டிலொரு அங்குலத் துளைக்கம்பியின் தண்டு. மூடியைத் தலைகீழாக வைத்து, கம்பியைக் குறுக்கே கிடத்தினால் மிதவையின் நெம்பு அதைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். டாம்பருக்கு எஸ்.ஏ.ஈ. 20 எண்ணெய், பிஸ்ரனின் உட்குழாய் விளிம்புக்கு அரை அங்குலம் மேலே. தையல் மெசின் எண்ணெய் விட்டால் என்ன என்று நான் கேட்டதற்கு, விடலாம், ஆனால் மிதிக்கும்போது பிஸ்ரன் பிடிபடாமல் எழுந்து கார் ஒரு கணம் செத்துப்போகும், பிறகு ஜெற்றை இறக்கச் சொல்லி என்னிடம்தான் வருவீர்கள் என்றார்.

கலவையைச் சரிசெய்ய, ஜெற்றைப் பாலத்தின் மட்டத்துக்கு ஏற்றி, அங்கிருந்து சரிக்கட்டு நட்டைப் பன்னிரண்டு முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்கித் தொடங்கினார். அதிலிருந்து எஞ்சினைச் சூடேற்றி, தூக்கு ஊசியால் சோதித்து, ஒவ்வொரு முகமாக மேலே ஏற்றினார். வெற்றிடமானியோ புகை அளக்கும் கருவியோ அங்கே இல்லை. கடைசியாகக் கைதடி வரை ஓட்டிப் போய், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை நிறுத்தி, வீதியோரத்தில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். நான்கும் வெளிர் மண்ணிறம். இப்போது ஐட்லிங் சோக் இல்லாமல் நிற்கிறது. நிறுத்தினால் பெற்றோல் மணப்பதில்லை. லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றரை ஒட்டி ஓடுகிறது, இந்த எஞ்சினிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. ஆனையிறவில் கார் லொறியை முந்துகிறதா என்று கேட்டால், முந்துகிறது. ஆனால் 48 குதிரைவலுவுக்கு உரிய நிதானத்தோடுதான்.

குறைகளும் உண்டு. முதலாவது, எதுவும் எழுத்தில் இல்லை. என்ன ஊசி, எத்தனை முகம், எந்த இடைவெளி என்பதெல்லாம் அவருடைய தலையில்தான் இருக்கிறது. நானே ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். நாளைக்கு வேறொருவர் இந்தக் காரைத் தொடும்போது அந்தக் கொப்பி இல்லாவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இரண்டாவது, முன்கூட்டியே தொகையோ நாளோ சொல்ல மாட்டார். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்பது நியாயமான பதில்தான், ஆனால் வேலை நாட்களில் காரை நம்பியிருப்பவருக்கு அது போதாது. மூன்றாவது எனக்கு உண்மையிலேயே மனத்தை உறுத்தியது: பாகங்களைக் கழுவுவது மூடியில்லாத ஒரு தட்டில் பெற்றோலை ஊற்றி, பத்தடி தள்ளி அடுத்த கொட்டிலில் வெல்டிங் நடக்கிறது. தீயணைப்புக் கருவி ஒன்று சுவரில் தொங்கியது, அதன் முள் சிவப்புப் பகுதியில் நின்றது. இவ்வளவு நுணுக்கமான ஒருவர் இதில் இப்படி இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவரிடமும் சொன்னேன், சிரித்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பினார்.

பணத்தைப் பொறுத்தவரை, கொழும்பில் கேட்டுப் பார்த்த இடத்தில் கூலியாக மட்டும் சொன்ன தொகையில் பாதிக்கும் குறைவாகவே இங்கே கூலி வந்தது. பாகங்கள் கூலியைவிடக் கூட. புத்தம் புதிய எச்.எஸ்.2 காபரேற்றர் ஒன்றையே இங்கிலாந்திலிருந்து வருவிக்கலாம். பணம் இருப்பவருக்கு அது குறுக்குவழி போலத் தெரியும். ஆனால் மேல்மூடியும் பிஸ்ரனும் நல்ல நிலையில் உள்ள ஒரு காபரேற்றரை எறிந்துவிட்டு அதை வாங்குவது வீண் செலவு. பொயின்றும் வால்வும் பிழைத்த எஞ்சினில் புதிய காபரேற்றரும் பழையதைப் போலவே புகைக்கும்.

போக விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஸொலெக்ஸ், செனித் காபரேற்றர்களை அவர் பார்ப்பார், ஆனால் பாகம் நீங்கள்தான் தேட வேண்டும். யப்பான் கார்களின் இரட்டை வாய்க் காபரேற்றர்களை ஏற்பதில்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மறிக்கப்படுவதால் அந்தப் பக்கம் காரைக் கொண்டுபோவது பெரும்பாடு. அந்த நாட்களில் காபரேற்றரை மட்டும் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம்; எஞ்சினைக் கேட்காமல் அவர் அதைக் கையால் தொட மாட்டார்.